பாயிசாகேப் பெருக்கி வைத்த இடம்

பாயிசாகேப்பை நான் முதன்முதலில் பார்த்தபோது அவருக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தேன். அது அவருக்குத்தான் என்பது எனக்குத் தெரியாது.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மராத்தி பேசும் ஊர். போபோடி தாண்டி, முளா ஆற்றங்கரையில், அந்தக் காலத்துப் படைத்தலைவர்களான சர்தார் குடும்பம் ஒன்றின் மாளிகை. கருங்கல் மதில். யானை முட்டினாலும் திறக்காதபடி இரும்பு முள் அடித்த பெரிய வாசல் கதவு. உள்ளே பாதி இடிந்த வீடு, மாந்தோப்பு, ஒரு பக்கமாகக் குதிரை லாயம். குதிரைகள் போய், லாயத்தைத் தடுத்து அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். கட்கியில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. கல்யாணம் ஆன புதிது. அதில் ஓர் அறைக்கு நானும் என் மனைவியும் குடி வந்தோம். குதிரை கட்டிய இரும்பு வளையம் சுவரில் அப்படியே இருந்தது. என் மனைவி அதில் துணிக்கொடி கட்டினாள்.

குடி வந்த வாரம், செவ்வாய்க்கிழமை. குளித்துவிட்டுத் தோப்பின் பின்பக்கம் போனேன். ஆற்றுக்கு இறங்கும் படிக்கு மேலே முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் மேடைகள், ஒரே வரிசையாக. ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஜோடிப் பாதம் செதுக்கியிருந்தது. பெயர், ஊர், ஒரு எழுத்து கிடையாது. அந்த வீட்டு முன்னோர்களின் சமாதி என்று பார்த்ததும் தெரிந்தது. வரிசையின் கடைசியில் மட்டும் கல் இல்லாமல் வெறும் தரை. ஆனால் அந்தத் தரைதான் எல்லாவற்றையும்விடச் சுத்தமாக இருந்தது. சாணம் மெழுகி, ரங்கோலி போட்டு, நடுவில் ஒரு துளசிச்செடி. சுற்றிலும் அன்று உதிர்ந்த பவளமல்லி.

எங்கள் போளூர்ப் பக்கத்தில் சாமிக்கு உருவம் வேண்டும் என்பதில்லை. ஒரு செங்கல் போதும், ஒரு வேப்பமரம் போதும். கல்லெல்லாம் மனிதர்களுக்கு, இந்த வெறும் தரை ஏதோ அம்மனுக்கு என்று எடுத்துக்கொண்டேன். மூன்று சுற்று சுற்றினேன். கற்பூரம் ஏற்றிக் காட்டினேன். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். எழுந்து பார்த்தால், ஒன்பது கெஜப் புடவையை இழுத்துக் கட்டிய ஓர் அம்மா, கையில் துடைப்பத்தோடு நிற்கிறார். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லா கும்பிட்டியா?" என்றார். தமிழில்!

"கும்பிட்டேன்மா. இது எந்த சாமிங்க?"

"நாந்தான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என் எடம்ப்பா இது. இது என் வீட்டுக்காரர்," என்று பக்கத்துக் கல்லைத் துடைப்பத்தால் காட்டினார். "நான் போனா என் அஸ்தி இங்கதான். இன்னும் போகல. அதுக்குள்ள நீ சூடம் காட்டிட்டே."

உயிரோடு இருக்கிற சுமங்கலியோ விதவையோ, யாருக்காவது இப்படிச் செய்வார்களா! கன்னத்தில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"விடு தம்பி. போட்ட கும்பிடு எங்க போகும்? அங்கயே கெடக்கட்டும். பின்னாடி வந்து எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுத் தன் சமாதி இடத்தைப் பெருக்க ஆரம்பித்தார்.

அன்று முதல் நான் பார்த்த காலமெல்லாம், தினமும் காலையில் அந்த இடத்தைத் தானேதான் பெருக்கினார். வீட்டைப் பெருக்க ஆள் உண்டு. இதற்கு ஆள் விடமாட்டார்.

அவரைச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பாயிசாகேப் என்றுதான் கூப்பிடும், பெரிய வீட்டு அம்மா என்று அர்த்தம். தஞ்சாவூர் மராட்டியக் குடும்பத்துப் பெண். சிறு வயதில் இங்கே வாக்கப்பட்டு வந்தவர். தமிழ் பேச ஆள் இல்லாமல் நாக்கு துருப்பிடித்துப் போயிருந்தது என்பார். நாங்கள் வந்த பிறகு, என் மனைவி வாசலில் கீரை ஆய்ந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். நடு நடுவே "அரே" என்றும், போதும் என்பதற்கு "பஸ்" என்றும் மராத்தி விழும். மற்றபடி காவிரித் தண்ணீர் குடித்த தமிழ்.

புது மருமகள் வந்தால் சமையலறையைக் காட்டுவார்கள், சாமி அறையைக் காட்டுவார்கள். அந்த வீட்டில் வழக்கம் வேறு. ஆரத்தி எடுத்த கையோடு மாமியார் மருமகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போவார். கல்லில் பெயர் இல்லையே, அதனால் வரிசையில் யார் யார் என்று வாயால் சொல்லிக் கொடுப்பார். கடைசியில் வெறும் தரையைக் காட்டி, "இது உன்னுடையது" என்பார்.

"கல்யாணத்தன்னைக்கேவா? பயமா இல்லீங்களா?" என்று என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பயமா? தஞ்சாவூர்ல எங்க வீட்ல பொண்ணுங்களுக்குன்னு அலமாரில ஒரு தட்டுகூடக் கெடையாது. இங்க வந்து எறங்கின அன்னிக்கே நெலம் குடுத்தாங்கடி!"

எங்கள் ஊரில் இடுகாட்டுக்குப் போய்வந்தால் குளிப்போம். பாயிசாகேப் குளித்துவிட்டு அங்கே போவார். போய், கல்லோடு கல்லாக நின்று பேசுவார். கோயிலில் பேசுவதுபோல இல்லை, கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களோடு பேசுவதுபோல. மாமனாருக்குப் புளி ஆகாதாம். அமாவாசைப் படையலில் தஞ்சாவூர்ச் சாம்பார் வைத்துவிட்டு, "மாமா, இன்னிக்குப் புளி விட்டிருக்கேன். மொகத்தைச் சுளிக்காதீங்க" என்பார். கணவர் கல்லுக்கு முன் மட்டும் குரல் இறங்கும். "உங்க தம்பி மறுபடியும் கார் மாத்திட்டார். கறுப்பு. எனக்குப் பிடிக்கல." பால்காரர் என்னிடம் நெற்றிப் பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டினார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தண்ணீர்க் குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது, மாமரத்துக்கு எப்போது எரு வைப்பது, லாயத்தில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரிந்தது. இருக்கிறவர்களையும் போனவர்களையும் அவர் ஒரே வீட்டில் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அவர் வாயில் எப்போதும் ஒரு சொல் உண்டு. "வாசல் தாண்டி உள்ள வந்தாச்சா? அப்ப வீட்டு ஆளு."

இதை அவர் சும்மா சொல்லவில்லை என்று ஒரு மழைக்காலத்தில் பார்த்தேன். மேலே அணையைத் திறந்துவிட்டு ஆறு ஏறிவிட்டது. கரையோரக் குடிசைகளில் இருந்த சனம் மூட்டை, கோழி, ஆடுகளோடு மதில் ஓரம் வந்து நின்றது. பாயிசாகேப் பெரிய கதவின் இரண்டு பலகையையும் திறக்கச் சொன்னார். சரவிளக்கு தொங்கும் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்தார். சாப்பாடு போடும் முன் ஒரு கண்டிப்பு. படிக்கட்டு வரை போய், தண்ணீரில் பாதி முங்கி நின்ற சமாதி வரிசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வரவேண்டும். "வீட்டுப் பெரியவங்ககிட்ட சொல்லாம இலைல உக்காரக் கூடாது." பெண்கள், கிழவர்கள், எல்லாரும் மழையில் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

அப்போது ஊருக்குள் இருக்கும் கேம்ப் பகுதியிலிருந்து அவருடைய கொழுந்தனார் அந்தக் கறுப்புக் காரில் வந்து இறங்கினார். கணவரின் தம்பி. ராவ்சாகேப் என்று கூப்பிடுவோம். முறுக்கிய மீசை, சத்தமான பூட்ஸ். கூடத்தில் ஆடு நிற்பதைப் பார்த்து, "வகினி, இது நம்ம மாளிகை, பஸ் ஸ்டாண்ட் இல்ல!" என்று மராத்தியில் கத்தினார். வகினி என்றால் அண்ணி.

"தெரியும் ராவ்சாகேப். பஸ் ஸ்டாண்டா இருந்தா ரெண்டு பன்னாவது கெடைக்கும். அடுப்பு ஈரமாயிடுச்சு. கார்ல போய் பேக்கரில இருக்கற ரொட்டியெல்லாம் வாங்கிட்டு வாங்க."

மீசை துடித்தது. ஆனால் போனார். கார் நிறைய ரொட்டியோடு திரும்பி வந்தார்.

எங்கள் கதைக்கு வருகிறேன்.

மறு வருஷம் எங்களுக்கு முதல் குழந்தை. பெண். பிறந்து சில நாள்தான் இருந்தது. பெயர்கூட வைக்கவில்லை. முருகா, உன் கணக்கு எனக்கு விளங்கவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டேன். மனைவி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். சிறு குழந்தையை எரிக்கிற வழக்கம் இல்லை, புதைக்கத்தான் வேண்டும். துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு குழந்தைகளைப் புதைக்கும் இடத்துக்குப் போனேன். மழையில் அங்கே தண்ணீர் தேங்கிக் குளமாக இருந்தது. அதில் எப்படி வைப்பது? ஆட்டோக்காரர், மராத்திக்காரர், வயதானவர், திரும்பிப் பார்க்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கே போகணும்?" என்று கேட்டார். எனக்கு அந்த ஊரில் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. மாளிகைக்கு விடச் சொன்னேன். மண்வெட்டி எடுத்துக்கொண்டு ஆற்றங்கரையில் எங்காவது மேட்டில் வைக்கலாம் என்று எண்ணம்.

லாயத்துப் பக்கம் மண்வெட்டி தேடிக்கொண்டிருந்தபோது பாயிசாகேப் வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"எங்க கொண்டு போறே?"

"கரையோரம்தான்மா. எங்கியாவது."

"எங்கியாவதா?" என்றார். "வா."

அவர் முன்னால் நடந்தார். பின்னால் நான். சமாதி வரிசைக்கு வந்தார். குனிந்து, அந்த வெறும் தரையில் இருந்த துளசியை மண்ணோடு இரண்டு கையாலும் பெயர்த்து எடுத்தார். ஓரமாக வைத்தார்.

"இங்க வெட்டு."

"ஐயோ, வேணாம்மா! இது உங்க எடம். ஐயா பக்கத்துல…"

"நான் பெரியவ. எங்க கெடந்தாலும் கெடப்பேன். கொழந்தைய ஆத்தங்கரைல தனியா விட்டா பயந்துக்காதா? இங்க பாரு, எத்தனை பேர் இருக்காங்க."

நான் வெட்டினேன். எப்படி வெட்டினேன் என்று தெரியாது. பெண்கள் புதைக்கும் இடத்துக்கு வருகிற வழக்கம் எங்களில் இல்லை. அவர் மழையில் முக்காடு நனைய நின்றார். மண் போடும் முன் துணியை விலக்கி, குழந்தையின் பாதத்தைத் தன் இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தார். ஒரு சங்கு பால் விட்டார். பிறகு வரிசையின் முதல் கல்லிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு கல்லிடமும் குனிந்து, "லாயத்து வீட்டுப் பொண்ணு வந்திருக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மாமியார் கல்லிடம், "ராத்திரி அழுதா நீங்க பாத்துக்கணும்" என்றார். கணவர் கல்லிடம் வந்ததும் கொஞ்சம் நின்றார்.

"உங்களைக் கேக்காம குடுத்துட்டேன். கோவிச்சுக்காதீங்க."

எத்தனையோ கோயில் போயிருக்கிறேன். கிரிவலம் போயிருக்கிறேன். அன்று அந்த மழையில் எனக்கு மயிர்க்கூச்செறிந்ததுபோல எந்தச் சன்னதியிலும் நடந்ததில்லை.

ஒரு மாதம் கழித்துக் கல்தச்சரை வரவழைத்துச் சின்ன மேடை கட்டினார். பாதம் என்ன அளவு என்று கேட்டதற்குத் தன் சுட்டுவிரலில் பாதியைக் காட்டி, "இவ்ளோதான்" என்றார். குழந்தைக்குப் பெயர் இல்லையே என்று என் மனைவி அழுதபோது, "இந்த வரிசைல யாருக்குடி பேர் இருக்கு? பாதம் போதும்" என்றார். புதைத்த இடத்தைப் பெற்றவளுக்குக் காட்டக் கூடாது என்று ஊரிலிருந்து வந்த என் மாமியார் தடுத்தார். பாயிசாகேப் கேட்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

அந்த வருஷம் பித்ரு பக்ஷ அமாவாசைக்கு, நம் மகாளய அமாவாசைதான், ராவ்சாகேப் குடும்பத்தோடு வந்தார். படையல், காக்கைக்குச் சோறு எல்லாம் தயார். சின்னக் கல்லைப் பார்த்துவிட்டார்.

"வகினி, இது யாரு?"

"லாயத்து வீட்டுப் பொண்ணு."

"உங்க எடத்துலயா? அண்ணன் பக்கத்துலயா? யாரோ வெளியூர் வாடகைக்காரங்க கொழந்தை! நாளைக்கே ஆள் அனுப்பறேன், எடுத்து வேற பக்கம் வைக்கட்டும்."

என் மனைவி செம்பில் பாலோடு அங்கேதான் நின்றிருந்தாள். மராத்தி அவளுக்கு அரைகுறைதான். அவர் கை காட்டியது போதும்.

பாயிசாகேப் கொழுந்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தார், சின்னப் பையனைப் பிடிப்பதுபோல. வரிசையின் தொடக்கத்துக்குக் கூட்டிப் போனார்.

"இது யாரு?"

"கொள்ளுப்பாட்டி."

"எங்கேர்ந்து வந்தா?"

"குவாலியர்."

"இது?"

"பாட்டி. சாத்தாரா."

"இது?"

ராவ்சாகேப் மீசையைத் தடவினார். "அம்மா."

"எங்கேர்ந்து?"

"…கோலாப்பூர்."

"நான்?"

"தஞ்சாவூர்."

"இவ போளூர்," என்று சின்னக் கல்லைக் காட்டினார். "நாங்கல்லாம் பல்லக்குலயும் கார்லயும் வந்தோம். இவ அப்பன் கைல வந்தா. வித்தியாசம் அவ்ளோதான். வெளியூர்க்காரங்களை எடுக்கணும்னா உங்கம்மாலேர்ந்து ஆரம்பிங்க."

புரோகிதர் தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

கடைசியில் ராவ்சாகேப், "சரி, நாளைக்கு உங்களை எங்க வைப்பேன்?" என்றார். கோபம் போய்விட்டது. நிஜமாகவே கேட்டார்.

"அதை அப்பறம் பாக்கலாம். நான் ஒண்ணும் இன்னிக்குக் கெளம்பல. சோறு ஆறுது."

அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. அதுதான் என் மனைவியை அரித்தது. மறுநாளும் காலையில் பாயிசாகேப் துடைப்பத்தோடு வந்து, முன்போலவே அந்த இடத்தைப் பெருக்கி ரங்கோலி போட்டார். ஆனால் இப்போது அது அவருடைய இடம் இல்லையே. "வந்த அன்னிக்கு அவங்களுக்குக் குடுத்த நெலங்க அது. நாம வாங்கிக்கினோம். அவங்க எங்க போவாங்க?" என்பாள் என் மனைவி. விளக்கு ஏற்றும்போதெல்லாம் இதையே வேண்டிக்கொண்டாள். வேறு எதுவும் கேட்கமாட்டாள். பின்னால் மகன் பிறந்த பிறகும் இந்த வேண்டுதல் மாறவில்லை.

வருஷங்கள் ஓடின. மாளிகைக் கூரை விழுந்தது. லாயத்தைக் காலி செய்தோம். அக்கரையில் சாங்வியில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கினோம். மொட்டை மாடியில் நின்றால் அந்த மாமரங்களின் தலை தெரியும், அதற்காகவே என் மனைவி அந்தக் கட்டடத்தைப் பிடித்தாள். மாளிகையின் முன்பக்கம் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் புல்வெளி ஆகிவிட்டது. கால் விழுந்த பிறகு பாயிசாகேப்பை ராவ்சாகேப் கேம்ப்புக்குக் கூட்டிப் போய்விட்டார். நாங்கள் பார்க்கப் போனால், "என் எடத்தைப் பெருக்கறீங்களா?" என்று கேட்பார். பெருக்குகிறோம் என்போம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவர் காலமானார்.

இப்போது போனால், அந்தச் சின்ன மேடையைச் சேர்த்துப் பெரிதாகக் கட்டிய ஒரே கல் இருக்கிறது. மேலே இரண்டு ஜோடிப் பாதம். ஒன்று பெரிது. ஒன்று என் சுட்டுவிரலில் பாதி. செவ்வாய்க்கிழமைகளில் போய் மூன்று சுற்று சுற்றி, கற்பூரம் காட்டி விழுகிறேன். முதல் நாள் போட்ட கும்பிடை அவர் எடுத்துக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

அவருக்கு அந்த இடம் கிடைத்த விதத்தைச் சொல்லி முடிக்கிறேன். தகனம் முடிந்த மூன்றாம் நாள் காலை எங்கள் ஃபிளாட் வாசலில் ராவ்சாகேப் நின்றார். மீசை முழுக்க வெள்ளை, கையில் தடி. லிஃப்ட் இல்லாத மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. "உங்க மனைவியைக் கூப்பிட வந்தேன்" என்றார். வேறு சொல்லவில்லை. காரில் என் மனைவி என் கையை விடவே இல்லை. குழந்தையை எடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். எடுத்தால்தானே பாயிசாகேப்புக்கு இடம் என்ற நியாயமும் அவளுக்கே தெரியும்.

சமாதி வரிசையில் சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். சிவப்புத் துணி கட்டிய அஸ்திச் சொம்பை ராவ்சாகேப் கையில் வாங்கிக்கொண்டார். பூட்ஸைக் கழற்றியிருந்தார். என் மனைவிக்கு முன்னால் வந்து தலையைக் குனிந்தார். மராத்தியில் மெதுவாகப் பேசினார், நான் தமிழில் சொன்னேன்.

"வகினி போறதுக்கு முன்னாடி எனக்கு உத்தரவு போட்டுட்டுப் போனாங்க. 'என்னை என் எடத்துலயே வை. ஆனா அங்க இப்ப ஆள் இருக்கு. அவளைக் கேக்காம உள்ள வைக்காதே'ன்னாங்க. அது பச்சைக் கொழந்தை, எப்படிப் பதில் சொல்லும்னேன். 'அவ அம்மா சாங்வில இருக்கா. போய்க் கூட்டிட்டு வா'ன்னாங்க." சொம்பைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். "கேளுங்கம்மா. வகினியை உள்ள விடலாமா?"

ஒரு காலத்தில் படை நடத்திய வீடு. அந்த வீட்டு மனிதர், லாயத்தில் குடியிருந்தவளிடம், வாசல் திறக்கக் காத்திருப்பவர்போல நின்றார்.

என் மனைவி அழவில்லை. சின்னக் கல்லின் பக்கத்தில் மண்டியிட்டாள். முந்தானையால் அந்தப் பிஞ்சுப் பாதத்தில் இருந்த மாஞ்சருகைத் துடைத்தாள். தூங்குகிற பிள்ளையின் காதில் சொல்வதுபோலக் குனிந்து சொன்னாள்:

"கண்ணு, பாயிசாகேப் வந்திருக்காங்க. கொஞ்சம் நவுந்து படும்மா."